கழிப்பறை கட்டித் தரும் வரை

வேப்பம்பட்டு
7.2.1993

திருமதி ஹில்டா எட்மண்ட் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் விலாசத்தை நம் ஆபீஸ் நாகம்மாவிடம் வாங்கினேன். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் அவளுக்கு மட்டும் வாழ்த்து அனுப்புவதை இத்தனை வருஷம் அவள் என்னிடம் மூச்சுவிடவில்லை. சொல்லியிருந்தாலும் நான் எழுதியிருக்கமாட்டேன். இப்போது எழுத வேண்டியதாகிவிட்டது.

1984இல் நீங்கள் மேலப்பேடு நகராட்சியை விட்டுத் திருச்சிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனீர்கள். அப்போது நான் தபால் பிரிவில் உட்கார்ந்து உறை ஒட்டிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அதே மேசை, அதே வேலைதான். கோந்து டப்பா மட்டும் மாறியிருக்கிறது.

போன வருஷம் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் பதவி உயர்வுக்குப் பட்டியல் போட்டார்கள். வேலையில் சேர்ந்த வரிசைப்படி என் பெயர் மூன்றாவதாக வர வேண்டும். வரவே இல்லை. எனக்கு ஆறு வருஷம் பின்னால் சேர்ந்த எத்திராஜ் பெயர் வந்திருக்கிறது. கேட்டதற்கு, புதிதாகக் கட்டும் வீடுகளை அளந்து கணக்கெடுக்கும் வெளிவேலையில் இரண்டு வருஷம் இருந்திருக்க வேண்டும், நீ இருந்ததில்லை என்றார்கள். வெளிவேலை கொடுங்கள் என்று நான்கு தடவை எழுதிக் கொடுத்தேனே என்றேன். பெண்களுக்கு வெளிவேலை கிடையாது என்று அரசாணையே இருக்கிறது என்றார் மேனேஜர். ஆணையின் எண் என்ன என்றேன். பீரோ பீரோவாகத் தேடினார்கள். இல்லாத ஆணையைப் பன்னிரண்டு வருஷமாக எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டுவிட்டேன். போன வாரம் ஆபீஸ் தன் பதிலைக் கொடுத்தது. கூடவே ஒரு காகிதத்தின் நகல். தேதி 21.9.1981. மேலே இரண்டாம் பக்கம் என்று எண் போட்டிருக்கிறது. முதல் பக்கத்தைக் கேட்டால் காணவில்லையாம். அந்த இரண்டாம் பக்கம் இப்படித் தொடங்குகிறது: ‘பெண் ஊழியர்கள் எவரையும் வெளிவேலைக்கு அனுப்ப வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.’ கீழே அப்போது ஆபீசில் இருந்த ஐந்து பெண்களின் கையெழுத்து. நீங்கள், நாகம்மா, ராணி, பொன்னியம்மா, ஐந்தாவதாக நான். அதற்கும் கீழே ‘ஏற்கப்பட்டது’ என்று அப்போதைய கமிஷனர் எழுதியிருக்கிறார். இதுதான் அந்த அரசாணை. நானே கேட்டு வாங்கிய சலுகையை எதிர்த்து நானே வழக்குப் போட்டிருக்கிறேன் என்று கோர்ட்டில் சொல்லப்போகிறார்கள்.

நான் அந்தக் காகிதத்தைப் பார்த்ததே இல்லை. அந்தக் கையெழுத்து என்னுடையது இல்லை. யார் போட்டது என்று உங்களுக்குத் தெரியுமா? அதை மட்டும் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
ஆ. தாட்சாயிணி


யேசு மரி சூசை துணை

திருச்சி
21.2.1993

அன்புள்ள தாட்சாவுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுத உட்காருவேன், எட்மண்ட் கூப்பிடுவார், எழுந்து போவேன். அவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து மூன்று வருஷமாகிறது. பாடி ஃபாக்டரியில் மிஷின் முன்னால் நாள் முழுக்க நின்றவர், இப்போது டம்ளரைப் பிடிக்க என் கை வேண்டும். பெரியவன் கிறிஸ்துராஜ் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். நான் இங்கே சூப்பிரண்டாக இருக்கிறேன்.

‘நீங்கள்’ என்று எழுதியிருக்கிறாய். மத்தியானம் என் டிபன் டப்பாவை நான் திறப்பதற்கு முன்னால், இன்னா அக்கா கொண்டாந்தே என்று நீ திறந்துவிடுவாய். அந்தப் பெண் எழுதிய கடிதமாக இது இல்லை.

கோபப்பட உனக்கு மட்டும்தான் காரணம் இருக்கிறதென்று நினைக்காதே. 1981 செப்டம்பரில் எழும்பூர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தேன். நாகம்மா வந்தாள், ராணி வந்தாள். வாயும் வயிறுமாக இருந்தபோது என் காலைப் பிடித்துவிட்ட நீ, வயிறு காலியாகிக் கிடந்தபோது எட்டிப் பார்க்கவில்லை.

அந்த மனுவைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. யார் எப்போது கையெழுத்துப் போட்டார்கள் என்று எனக்கு நினைவில்லை. ஆனால் அது தப்பான மனு இல்லை. பொட்டல் வெளியில் புதிதாக மனை போட்ட இடங்களில் டேப்பைப் பிடித்துக்கொண்டு பெண்கள் அலைந்த கதை உனக்கும் தெரியும். உனக்கு முப்பத்தாறு வயது ஆகியிருக்கும். இந்த வயதில் வெயிலில் சுற்ற ஏன் ஆசைப்படுகிறாய்? நிழலில் உட்கார்ந்து வேலை பார்க்கக் கிடைத்தது கொடுப்பினை என்று இருக்கக் கூடாதா?

உன் வீட்டுக்காரர் சின்னசாமி தம்பியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ஹில்டா


வேப்பம்பட்டு
3.3.1993

ஹில்டா அக்காவுக்கு,

நிழலின் அருமையை எனக்குச் சொல்லித் தர வேண்டாம். பதினான்கு வருஷமாக அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று இத்தனை வருஷம் மனதில் வைத்திருந்தாயா? செப்டம்பர் ஐந்தாம் தேதி சனிக்கிழமை, அம்மாவுக்கு முடியவில்லை என்று ஆள் வந்தது. ஊத்துக்கோட்டைக்குப் போனேன். ஒன்பதாம் தேதி அம்மா போய்விட்டாள். கருமாதி முடித்து இருபத்தெட்டாம் தேதிதான் ஆபீசுக்கு வந்தேன். உனக்கு உடம்பு சரியில்லை, லீவு என்றார்கள். அக்டோபரில் நீ வந்தாய். உன் வயிறு வற்றிக் கிடந்ததைப் பார்த்தேன். இன்னா அக்கா ஆச்சு என்று கையைப் பிடித்தேன். கையை உதறிவிட்டுப் போனாய். அதற்கப்புறம் மூன்று வருஷம் ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு என்னோடு ஒரு வார்த்தை பேசினாயா? நான் என்ன செய்தேன் என்று யோசித்து யோசித்து எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

நன்றாகக் கேட்டுக்கொள். இருபத்தொன்றாம் தேதி நான் ஆபீசிலேயே இல்லை. ஊத்துக்கோட்டையில் தலைமுழுகிக்கொண்டிருந்தேன். அந்தக் காகிதத்தில் ‘தாட்சாயிணி’யின் கடைசி எழுத்து வாலை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அப்படி நீட்டுகிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். உன் டிபன் டப்பா மூடியில் நீயே ஆணியால் கீறிய உன் பெயரும் அப்படித்தான் வாலை நீட்டியிருக்கும். நினைவில்லை என்று எழுதுகிறாயே, எப்படி அக்கா மனசு வந்தது?

வெயிலில் சுற்ற ஏன் ஆசை என்று கேட்டாய். ஆறு வருஷமாகச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். எத்திராஜ் அளக்கப் போவான். பகலில் வீட்டில் இருப்பது பெண்கள். தெரியாத ஆண்பிள்ளையைப் படுக்கையறைக்குள்ளும் குளியலறைக்குள்ளும் டேப்போடு எந்தப் பெண் விடுவாள்? கதவைச் சாத்திவிடுவார்கள். அவன் திரும்பி என்னிடம் வந்து நிற்பான். “எக்கா, அந்த ஊட்டம்மா ஆம்பள வந்தப்புறம் வான்னுது. நீ கொஞ்சம் வந்து உள்ள அளந்து குடுத்துட்டுப் போயேன்” என்பான். சாப்பாட்டு நேரத்திலும் சனிக்கிழமையிலும் போவேன். அயப்பாக்கத்தில் தொடங்கிப் பூந்தமல்லிக்கு இந்தப் பக்கம் வரை நூற்று நாற்பது வீடாவது அளந்திருப்பேன். கூடம், அடுப்படி, மாடிப்படி என்று அளவுப் புத்தகத்தில் என் கையால்தான் எழுதுவேன். அடியில் அவன் கையெழுத்துப் போடுவான். இப்போது அவனுக்கு அனுபவம் இருக்கிறது, எனக்கு இல்லை. அவன் கெட்டவன் இல்லை. அக்கா கோச்சிக்காதே, நான் இன்னா பண்ணுவேன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். பட்டியலில் இருந்து பெயரை எடுக்கச் சொல்லி மட்டும் எழுதிக் கொடுக்கவில்லை.

நான் எழுதியதில் என் பெயர் இல்லை. நான் எழுதாததில் என் பெயர் இருக்கிறது. இதற்கு நீ பதில் சொல்.

தாட்சாயிணி


யேசு மரி சூசை துணை

திருச்சி
1.4.1993

அன்புள்ள தாட்சா,

தவக்காலம் முடியப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சாமியார் கேட்டுவிட்டு, அந்தப் பெண்ணிடம் சொன்னாயா என்றார். இல்லை என்றேன். முதலில் அதைச் செய் என்றார்.

அந்தக் கையெழுத்தை நான்தான் போட்டேன்.

உன் அம்மா போனதே உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. நீ லீவு என்று மட்டும் தெரியும்.

செப்டம்பர் ஏழாம் தேதி திங்கட்கிழமை. மறுநாள் மாதா பிறந்த திருநாள். பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் பதினோரு வீடு அளக்க என்னை அனுப்பினார்கள். எனக்கு அப்போது ஐந்து மாசம். வெளிவேலைக்குப் போகிற நாளில் நாங்கள் என்ன செய்வோம் என்று நீயே பார்த்திருக்கிறாய். காலையில் எழுந்ததிலிருந்து தண்ணீர் குடிக்கமாட்டோம். போக இடம் இல்லை, ஒதுங்க ஒரு புதர் இல்லை. அன்றைக்கும் நான் குடிக்கவில்லை. ஏழாவது வீட்டில் அந்த அம்மாள் சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். வேண்டாம் என்றேன். ஒன்பதாவது வீட்டுக்குப் போகும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. அஸ்திவாரத்துக்கு வெட்டி வைத்திருந்த பள்ளத்தில் விழுந்தேன். அவ்வளவுதான் தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாலாம் நாள் நேராக ஆபீசுக்குப் போய் டைப் மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். முதல் பக்கம் முழுக்க நான் யோசித்தது. பெண்களுக்கு ஆபீசில் ஒரு கழிப்பறை, வெளிவேலைக்குப் போகும் இடத்தில் ஒதுங்க ஏற்பாடு, பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை. கடைசி வரியில் ‘மேற்படி கழிப்பறை கட்டித் தரும் வரை’ என்று அடித்தேன். காகிதம் முடிந்துபோனது. மிச்சத்தை அடுத்த காகிதத்தில் அடித்தேன். அதைத்தான் உன் ஆபீஸ் கோர்ட்டில் கொடுத்திருக்கிறது. கட்டித் தருவதற்குச் செலவு, அனுப்பாமல் இருப்பதற்கு ஒன்றும் இல்லை. செலவில்லாததை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள்.

அப்போது மேனேஜராக இருந்த கன்னியப்பன் படித்துப் பார்த்தார். “அஞ்சு பேரும் போட்டாத்தான் அய்யா பாப்பாரு. ஒண்ணு கொறஞ்சாலும், அந்தப் பொண்ணு மட்டும் போவட்டுமேன்னு எழுதிடுவாரு” என்றார். நீ இல்லை. கல்யாணம் ஆகி ஆறு மாசம் உனக்கு. நீ ஒருத்தி மட்டும் அந்தப் பள்ளங்களுக்கு நடுவில் தண்ணீர் குடிக்காமல் நடப்பதை நினைத்துப் பார்த்தேன். போட்டுவிட்டேன்.

நீ வந்து கையைப் பிடித்தபோது சொல்லியிருக்கலாம். உன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்ற கோபம் கையில் கிடைத்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். அதுதான் உண்மை.

முதல் பக்கத்தின் கார்பன் நகல் என் பைபிளுக்குள் இருக்கிறது. ஆனால் என்னை மன்னித்துவிடு தாட்சா, கோர்ட்டுக்கு என்னால் எழுதிக் கொடுக்க முடியாது. இன்னொருத்தி பெயரில் கையெழுத்துப் போட்டேன் என்று சூப்பிரண்டே ஒப்புக்கொண்டால் சார்ஜ் மெமோ வரும், வேலையே போகலாம். எட்மண்ட் கட்டிலில் கிடக்கிறார். வற்புறுத்தலின் பேரில் நீயே போட்டதாகச் சொல்லிவிட முடியாதா?

ஹில்டா


வேப்பம்பட்டு
18.4.1993

அக்கா,

முடியாது. நான் போடவில்லை.

குழந்தையைப் பற்றி எழுதியிருந்ததை நாலைந்து முறை படித்தேன். ரயிலில் படிக்க முடியவில்லை. இவர் என்ன என்று கேட்டார், கொடுத்தேன். ஆவடியில் அவர் வேலை பார்க்கும் ஷெட்டில் ஆண்களுக்கு மூன்று இடத்தில் கழிப்பறை கட்டி வைத்திருக்கிறார்களாம்.

வக்கீல் அம்மாவிடம் போனேன். கார்பன் நகல் மட்டும் வந்தால் பிரயோஜனம் இல்லையாம். அதை டைப் அடித்தவர் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும். பாதி உண்மையைச் சொல்லி மீதியை மறைக்கக் கூடாது, ஐந்தாவது கையெழுத்தையும் சொல்லியாக வேண்டும். இன்னொரு வழி, 1981 லீவு ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்பது. நான் அன்று இல்லை என்று அது சொல்லும். அப்புறம் யார் போட்டது என்று அவர்களே தோண்டுவார்கள், உன்னிடம்தான் வந்து நிற்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் நீதான்.

உன்னைக் காட்டிக்கொடுக்கமாட்டேன் என்று நான் எழுதவில்லை. காட்டிக்கொடுக்கலாமா என்று தினம் ரயிலில் யோசிக்கிறேன். எட்மண்ட் அண்ணன் ஞாபகம் வருகிறது. அப்புறம் அந்த மேசை ஞாபகம் வருகிறது.

அரசாங்க வேலையில் பெண்களுக்கு முப்பது சதவீதம் என்று வந்த பிறகு நம் ஆபீசில் புதிதாக எட்டுப் பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். எட்டுப் பேரையும் உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள், உன் காகிதத்தைக் காட்டி. பதினைந்து வருஷம் கழித்து அவர்களுக்கும் அனுபவம் இல்லை என்பார்கள். கழிப்பறை இன்றைக்கும் கிடையாது. ஆபீசுக்கு எதிர் வீட்டுக் கன்னியம்மா தயவில்தான் நடக்கிறது. அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனால், புதிதாக வந்த பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. நாம் யாரும் சொல்லித் தரவில்லை, அவர்களாகவே கற்றுக்கொண்டார்கள்.

விசாரணை ஆகஸ்டில். ஜூலை வரை ரிஜிஸ்டரைக் கேட்காமல் இருக்கிறேன்.

தாட்சாயிணி


யேசு மரி சூசை துணை

திருச்சி
16.7.1993

தாட்சா,

நோட்டரி முன்னால் சத்தியம் செய்த வாக்குமூலம் இதோடு இருக்கிறது. கார்பன் நகலும் இருக்கிறது. மடிப்பில் கிழியப் பார்க்கிறது, பத்திரம்.

எல்லாம் சொல்லியிருக்கிறேன். விழுந்தது, அடித்தது, உன் பெயரைப் போட்டது. கன்னியப்பன் பெயரை எழுதவில்லை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பேனா என் கையில்தான் இருந்தது.

ஐந்து மாசம் எட்மண்டிடம் மறைத்தேன். போன வாரம் உன் கடிதங்களை அவருக்குப் படித்துக் காட்டினேன். வேண்டாம் என்பார், அதைச் சாக்காக வைத்துக்கொள்ளலாம் என்றுதான் படித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அவருக்குப் பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு நாம் பெயர் வைக்கவில்லையே என்று மட்டும் கேட்டார். பன்னிரண்டு வருஷத்தில் அதைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல் தடவை. மறுநாள் நோட்டரியிடம் போனேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. தைரியமாக எழுதுவதாக நினைக்காதே.

ஹில்டா


வேப்பம்பட்டு
12.12.1993

அக்காவுக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று எழுத வேண்டும். எழுதக் கை வரவில்லை, முழுக்கச் சொல்கிறேன்.

நீதிபதி கார்பன் நகலை வாங்கிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். ஆபீஸ் தரப்பு வக்கீலைப் பார்த்து, கழிப்பறை கட்டியாகிவிட்டதா என்று கேட்டார். அவர் பின்னால் திரும்பி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கையில் இருந்த ஃபைலைப் பார்த்தார். பன்னிரண்டு வருஷமாகவா என்றார் நீதிபதி.

அந்தக் காகிதம் பெண்களைப் பதவி உயர்விலிருந்து விலக்கும் விதி ஆகாது. வெளிவேலை தராமல் வைத்திருந்துவிட்டு அனுபவம் இல்லை என்று சொல்லக் கூடாது. எட்டு வாரத்தில் என் பெயரைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். கழிப்பறையை ஆறு மாசத்தில் கட்ட வேண்டும். இவ்வளவும் நமக்கு.

கடைசிப் பத்தி உனக்கு. மனுவில் பிறர் கையெழுத்தை இட்டதாக ஒப்புக்கொண்ட அலுவலர் மீது துறை தக்க நடவடிக்கை எடுக்கலாம் என்று ஒரு வரி. உண்மையைச் சொன்னதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று இன்னொரு வரி. முதல் வரியை எடுத்துவிட முடியுமா என்று வக்கீல் அம்மாவைக் கேட்டேன். முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

ஆபீசில் அந்த எட்டுப் பெண்களும் இனிப்பு வாங்கி வந்தார்கள். என் பங்கை டிராயரில் வைத்து மூடினேன். நாகம்மாதான் என்னைக் கன்னியம்மா வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய் உட்கார வைத்தாள். “எதுக்குடி அயுவுற? அவ தெரிஞ்சுதான் குடுத்தா” என்றாள். தெரிந்து கொடுத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

தாட்சா


யேசு மரி சூசை துணை

திருச்சி
28.6.1994

அன்புள்ள தாட்சா,

ஏப்ரலில் சார்ஜ் மெமோ வந்தது. உனக்கு எழுதவில்லை. நீ ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஆனதை நாகம்மா கார்டில் எழுதியிருந்தாள். அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட வேண்டாம் என்று இருந்தேன்.

விசாரணையை மேலப்பேடு ஆபீசிலேயே வைத்திருக்கிறார்கள், பழைய பதிவுகள் அங்கே இருப்பதால். ஜூலை 18, திங்கட்கிழமை காலை பத்து மணி. நாள் முழுக்க நடக்கும் என்கிறார்கள். இரண்டு வருஷம் இன்கிரிமெண்டை நிறுத்துவார்களா, பதவியை இறக்குவார்களா, அதற்கு மேலும் போவார்களா தெரியவில்லை. அரசுத் தரப்புச் சாட்சிப் பட்டியலில் முதல் பெயர் உன்னுடையது.

நீ என்ன சொல்லப்போகிறாய் என்று நான் கேட்கவில்லை. எனக்காகப் பொய் சொல்லாதே. நான் அனுமதி கொடுத்தேன் என்று சொல்லிவிடலாமா என்று உனக்குத் தோன்றும், உன்னை எனக்குத் தெரியும். உன் பெயரை வைத்து இன்னொரு பொய் வேண்டாம்.

எனக்குத் தண்டனையைவிட அந்த வாசலைத் தாண்டி உள்ளே வருவதுதான் மலைப்பாக இருக்கிறது. அந்த டைப் மிஷின் இன்னும் இருக்கிறதா? இருந்தால் அன்றைக்கு மட்டும் வேறு அறைக்குக் கொண்டுபோய் வைக்கச் சொல்.

ஹில்டா


வேப்பம்பட்டு
7.7.1994

அக்கா,

டைப் மிஷினை நேற்றே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். இப்போது நான் சொன்னால் கேட்கிறார்கள்.

18ஆம் தேதி என்ன சொல்லப்போகிறேன் என்று நீ கேட்காவிட்டாலும் எழுதுகிறேன். அங்கே வந்து திடுக்கிட வேண்டாம். அந்தக் கையெழுத்து என்னுடையது இல்லை என்பேன். என்னைக் கேட்காமல் போட்டது தப்பு என்பேன். அதனால் எனக்குப் பன்னிரண்டு வருஷம் போயிற்று என்பேன். இதில் ஒரு வார்த்தையும் குறைக்கமாட்டேன். உனக்கு வலிக்கும். எனக்கும் வலித்தது.

அத்தோடு உட்கார்ந்துவிடமாட்டேன். அந்தக் காகிதத்தில் ஒரு தப்பு மேலே இருக்கிறது, ஒரு தப்பு கீழே இருக்கிறது என்று சொல்வேன். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள் இன்னொருத்திக்கு அது நடக்கக் கூடாது என்று போட்ட கையெழுத்துக்கு விசாரணை வைத்திருக்கிறீர்கள். அவள் கேட்டதைக் கட்டித் தராமல், கீழே ‘ஏற்கப்பட்டது’ என்று போட்ட கையெழுத்துக்கு எப்போது விசாரணை? எழுதிக்கொள்ளுங்கள் என்பேன். எழுதிக்கொள்ளாவிட்டால் நானே எழுதிக் கொடுப்பேன். நாகம்மா, ராணி, பொன்னியம்மா மூன்று பேரும் அதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தடவை அவரவர் கையால்.

அது உன்னைக் காப்பாற்றுமா தெரியாது. விசாரணை அதிகாரி கறாரான ஆள் என்கிறார்கள். என்ன ஆனாலும் நீ தனியாகத் திரும்பிப் போகப்போவதில்லை, ரயில் வரைக்கும் வருவேன். எட்மண்ட் அண்ணனை அன்றைக்கு யார் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு செய்துவிட்டு வா. அவர் சொன்னதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். பெண் குழந்தை என்று நாகம்மா சொன்னாள். இப்போது வைத்தாலும் பெயர் பெயர்தான் அக்கா.

கழிப்பறை வந்துவிட்டது. பழைய ரெக்கார்டு ரூமுக்குப் பின்னால். அளவெடுக்க வேண்டிய ஓவர்சியர் மூன்று வாரமாக வரவே இல்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு டேப்பை நானே எடுத்துக்கொண்டு போனேன், ஒரு முனையை எத்திராஜைப் பிடிக்கச் சொல்லி. நீளம் ஆறடி, அகலம் நாலரை அடி. அளவுப் புத்தகத்தில் என் கையெழுத்தோடு ஏறிய முதல் அளவு அதுதான். உள்ளே குழாய் இருக்கிறது, தாழ்ப்பாள் இருக்கிறது. சாவி என் மேசை டிராயரில்.

திங்கட்கிழமை காலையில் எழும்பூர் பிளாட்பாரத்தில் நிற்பேன். பழைய பழக்கத்தில் முதல் நாளே தண்ணியை நிறுத்திவிடாதே. நல்லா குடிச்சிட்டு வா அக்கா.

தாட்சா